பாதிக் கோட்டுக்கு அப்பால்

திண்டுக்கல்

அன்புள்ள வேடசந்தூர் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு, மகளின் நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதியிருக்கிறீர்கள். நாலைந்து தடவை படித்துவிட்டேன். மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளிக்கூடக் கூடைப்பந்து டீமில் கார்டு ஆடுகிறாள், இந்த வருஷம் மாவட்ட அணியில் எடுத்திருக்கிறார்கள். அடுத்து வெளியூர்க் கேம்ப்புக்கு அனுப்பச் சொல்கிறார் பி.டி. டீச்சர். வீட்டுப் பெரியவர்களோ, "பொம்பளப் பிள்ளைக்குப் பந்து சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். "நீங்களும் ஒரு காலத்தில் ஆடியவர் என்று கேள்விப்பட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள் அக்கா" என்று முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் சம்மதத்தோடு பதிலைப் பத்திரிகையிலேயே எழுதுகிறேன். இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரத்திலும் நத்தத்திலும் நிலக்கோட்டையிலும் அம்மாக்கள் இருப்பார்கள். கேட்க ஆள் கிடைக்காதவர்களும் அவர்களில் உண்டு.

உங்கள் மகள் ஆடும் இடம் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து தொடங்குகிறேன். களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர். உயரமான பிள்ளைகள் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று ஆடுவார்கள். பந்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது கார்டின் வேலை. கோர்ட்டின் நீளம் 28 மீட்டர். தன் பாதியிலிருந்து எதிர்ப்பாதிக்கு 8 விநாடிக்குள் பந்தைக் கடத்தியாக வேண்டும், 24 விநாடிக்குள் ஷூட் செய்தாக வேண்டும். அதற்குள் எதிரணிக்காரி ஒருத்தி முகத்துக்கு நேரே வந்து கையை விரித்து நிற்பாள். அவளைக் கடக்கும்போது கார்டு குனிந்து பந்தைப் பார்க்கக் கூடாது. யார் எங்கே ஓடுகிறார்கள், யாருக்கு எதிரே ஆள் இல்லை, யார் களைத்துவிட்டார்கள் என்று மற்ற ஒன்பது பேரையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் அப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாவிக்கு அரம் போடும்போது அவர் கண் சாவியில் இருக்காது. எங்களோடு பேசிக்கொண்டே இருப்பார், விரல் தன்பாட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருக்கும். கார்டின் கைக்கும் பந்துக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும். நாலைந்து வருஷம் விடாமல் தட்டினால்தான் வரும். உங்கள் மகளுக்கு அது வரத் தொடங்கியிருக்கிறது என்பதால்தான் டீச்சர் இவ்வளவு வற்புறுத்துகிறார். "உயரம் பத்தாதே" என்று யாராவது சொன்னால் மனம் விட வேண்டாம். ரிங் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் இந்த ஆட்டத்தில் உயரம் குறைந்தவர்களுக்கு எப்போதும் இருந்துவரும் இடம் கார்டின் இடம்.

இப்போது பெரியவர்களின் கேள்வி. சோறு போடுமா? போட்ட ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அனிதா பால்துரை என்ற பெயரை உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். சென்னையில் 1985 ஜூனில் பிறந்தவர். மதுரையிலிருந்து பிரிந்து நம் திண்டுக்கல் மாவட்டம் உருவானதும் அதே 1985இல்தான், செப்டம்பரில். நம் மாவட்டத்தின் வயதுதான் அவருக்கும். தடகளம், வாலிபால் என்று ஆர்வமாக இருந்த சிறுமி, பதினொரு வயதில் கூடைப்பந்துக்கு வந்தார். சென்னையின் ரைசிங் ஸ்டார் கிளப்பில் ஆடி வளர்ந்தார். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன் ஆனார். அவ்வளவு இளம் வயதில் அந்தப் பொறுப்பு வேறு யாருக்கும் வந்ததில்லை. 2001 முதல் 2017 வரை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை ஆடினார். இந்தியப் பெண்களில் வேறு யாரும் அப்படி ஆடியதில்லை. தேசியப் போட்டிகளில் மட்டும் 30 பதக்கங்கள். 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

பதக்கங்களைக் காட்டிலும் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது, இந்திய அணியில் அவர் இருந்த பதினெட்டு ஆண்டுகள். அதற்குள் நடந்தவற்றில் இரண்டு காலகட்டங்களை மட்டும் சொல்கிறேன். 2013இல் தோஹாவில் நடந்த ஆசிய மூவர் கூடைப்பந்தில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடம் பிடித்தார்கள். அப்போது அனிதாவுக்கு 28 வயது. நம் பக்கத்தில் அந்த வயதுப் பெண்ணை யாராவது "விளையாட வா" என்று கூப்பிட்டு நீங்கள் பார்த்ததுண்டா? அதன் பிறகு அவர் தாயானார். தாயான பின் திரும்பி வந்தார். 2017 ஜூலையில் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டம். கஜகஸ்தானை இந்தியா 75–73 என்று வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. அந்த அணியில், 32 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாக அனிதா இருந்தார்.

இவ்வளவு நீண்ட காலம் ஆட அவரால் எப்படி முடிந்தது என்று பார்த்தால், உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

ஒன்று, வேலை. அனிதா தெற்கு ரயில்வே ஊழியர். நம் ஜங்ஷன் வழியாக வைகை எக்ஸ்பிரஸை ஓட்டுகிறதே, அதே ரயில்வேதான். பெண்களுக்கென்று மாதா மாதம் சம்பளம் கொடுத்து நிலையாக நடக்கும் ஒரு லீக் அவர் ஆடிய காலத்தில் இங்கே வேர் பிடிக்கவில்லை. அந்த இடத்தைப் பல காலமாக நிரப்பி வந்தது ரயில்வேதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பார்கள், பயிற்சிக்கு நேரம் கொடுப்பார்கள், போட்டிகளுக்குச் சிறப்பு விடுப்பு கொடுப்பார்கள். தேசியப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ரயில்வே அணி இத்தனை காலம் கொடிகட்டிப் பறந்ததற்குக் காரணம், நாட்டின் நல்ல ஆட்டக்காரிகளுக்கு அது மாதச் சம்பளம் கொடுத்தது. இந்திய அணியின் உயரமான சென்டர், கேரளத்தின் கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வேயில்தான் இருந்தார். அவர் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் கிளப்புக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது அவருக்கு இங்கே ஒரு வேலை காத்திருந்தது. பெரியவர்கள் கேட்கும் சோறு இதுதான். பந்து தட்டுவதற்கு யாரும் நேராகக் காசு தருவதில்லை. நன்றாகத் தட்டுகிறவளுக்கு ஓய்வூதியம் வரை போகும் வேலை கிடைக்க வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு.

இரண்டு, ஆடிக்கொண்டே இருக்க ஒரு கோர்ட். பள்ளி முடிந்த பிறகும், கல்லூரி முடிந்த பிறகும் சாயங்காலமானால் போய் ஆட ஒரு கிளப் அவருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் இவ்வளவு பரவியதில் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும், 1920இல் சென்னையில் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கும் பெரிய பங்கு உண்டு. அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்க் கம்பம் நட்டார்கள். பிறகு ஊர்க்காரர்கள் கையிலெடுத்துக்கொண்டார்கள். நமக்குப் பக்கத்தில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் நடத்தும் அகில இந்தியப் போட்டியைச் சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். விளக்கு வெளிச்சத்தில் ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும். எதிரணி கார்டு நல்ல பாஸ் கொடுத்தாலும் கை தட்டுவார்கள். ஆடியவர்கள் எல்லோரும் ஆண்கள். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு உறைக்கிறது. ஆணுக்குப் பள்ளி முடிந்த பிறகும் ஆட ஊருக்கு ஊர் கிளப் இருக்கிறது. பெண்ணுக்குப் பள்ளி வாசலோடு முடிந்துபோகிறது.

மூன்று, வீடு. பிள்ளை பெற்ற பெண் மறுபடி ஷூவைக் கட்டும்போது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு கை வேண்டும், "போய்ட்டு வா" என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். ஓர் அணியில் மேலே வரும் பெண் ஒவ்வொருத்திக்கும் பின்னால் இப்படி ஒரு வீடு இருக்கும்.

வெளிநாட்டில் எல்லாம் சொர்க்கம் என்று உங்கள் மகள் போனில் பார்த்து நினைத்துக்கொண்டிருந்தால், அதையும் அவளுக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் கெய்ட்லின் கிளார்க் என்ற கார்டு 2024இல் முதல் நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தில் 3,951 புள்ளிகளோடு அதுவரையிலான புள்ளிச் சாதனையைத் தாண்டினார். அதே ஆண்டு டபிள்யூ.என்.பி.ஏ.வில் முதல் ஆளாகத் தேர்வானார். முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். அந்த ஆண்டு ஆண்கள் லீக்கில் முதலில் தேர்வானவருக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல். விளம்பர வருமானம் வேறு கணக்கு. அது உச்சியில் இருக்கும் சிலருக்குத்தான் வரும். சியாட்டில் அணியின் சூ பேர்ட் 2002 முதல் 2022 வரை ஒரே அணிக்கு ஆடினார். 3,234 முறை அவர் கொடுத்த பாஸ் கூடையில் விழுந்திருக்கிறது. ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவரே லீக் இல்லாத மாதங்களில் ரஷ்யாவுக்குப் போய் ஆடிச் சம்பாதித்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சையால் இரண்டு முழு சீசன்களை இழந்தார். 41 வயதில்தான் விடைபெற்றார். அங்கேயும் ஒரு பெண் நீண்ட காலம் ஆட வேண்டுமென்றால் பல ஏற்பாடுகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கெய்ட்லின் பிறந்த அயோவா மாநிலத்தைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அடுத்த ஆண்டே செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை தன் கல்லூரிப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். ஆண்கள் ஆட்டத்துக்கு என்ன வயதோ, ஏறத்தாழ அதே வயதுதான் பெண்கள் ஆட்டத்துக்கும். ஆனால் பெண்களால் அவ்வளவு தூரம் ஓட முடியாது, ஓடக் கூடாது என்று களத்தைக் கோடு போட்டுப் பிரித்தார்கள். பின்னாளில் அணிக்கு ஆறு பேர் என்று வந்த முறையில், மூன்று பேர் ஃபார்வர்டு, மூன்று பேர் கார்டு. கார்டுகள் பாதிக் கோட்டைத் தாண்டக் கூடாது. ரிங்கைப் பார்த்து ஒரு ஷாட்கூட எடுக்க முடியாது. எதிரணியைத் தடுத்து, பந்தைப் பிடுங்கிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அயோவா பள்ளிகளில் இந்த ஆட்டம் 1993 வரை நடந்தது. அந்தக் கோட்டை அழித்து முப்பத்தோரு ஆண்டில், அதே மாநிலத்திலிருந்து வந்த ஒரு கார்டு, அமெரிக்காவின் முதல் நிலைக் கல்லூரி ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் சேர்த்து எல்லோரையும் விட அதிகப் புள்ளிகள் எடுத்தார். ஓட முடியாது என்று சொன்னது கோடு போட்டவர்களின் எண்ணம். பிள்ளைகளின் கால்கள் எப்போதும் தயாராகத்தான் இருந்தன.

எனக்குக் கோடு இருபது வயதில் விழுந்தது. நானும் கார்டுதான். கல்லூரி அணியில் ஆடினேன், பல்கலைக்கழக அணித் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தேர்வு நடந்த வாரம் என் நிச்சயதார்த்தம். "கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க வீட்ல கேட்டுக்கோ" என்றார்கள் எங்கள் வீட்டில். அவர்கள் வீட்டில் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. யாரும் என்னை அடித்துத் தடுக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. யாரும் "போ" என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். என் ஷூவை அம்மா ரொம்ப நாள் பரணில் வைத்திருந்தார். என்னோடு ஆடியவர்களில் என்னைவிட நன்றாக ஆடியவர்கள் நாலு பேர். அவர்களும் இருபத்திரண்டு வயதைத் தாண்டி ஆடவில்லை. நம் ஊரில் திறமைக்குப் பஞ்சம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கார்டுக்கு ஆட்டம் முழுதாகப் பிடிபடுவதே இருபத்தைந்துக்கு மேல்தான். பார்வை, பொறுமை, எப்போது வேகம், எப்போது நிதானம் என்பதெல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். நாம் நம் பெண்களை அதற்கு முன்பே வெளியே கூப்பிட்டுவிடுகிறோம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவற்றை அக்காவாகச் சொல்கிறேன்.

அவளுடைய சாப்பாட்டைக் கவனியுங்கள். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்று 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. காலையில் வெறும் டீயோடு பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு இரண்டாவது பாதியில் கால் துவளும், அதைச் சோம்பல் என்று திட்டுவார்கள். முட்டை, நிலக்கடலை, முருங்கைக் கீரை, கேழ்வரகு எல்லாம் நம் சந்தையிலேயே கிடைக்கிறது. ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

முழங்காலைக் காப்பாற்றுங்கள். ஓடும்போது சட்டென்று திரும்புவதும், குதித்து ஒற்றைக் காலில் இறங்குவதும் கார்டின் தினசரி வேலை. பெண்களுக்கு இதில் முழங்கால் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். தொடைக்கும் இடுப்புக்கும் வலுவேற்றும் பயிற்சி, சரியாக இறங்கும் பயிற்சி இரண்டையும் கொடுக்கிறார்களா என்று கோச்சிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. துணிமணிச் செலவைக் குறைத்தாவது நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள்.

கேம்ப்புக்கு அனுப்பும் முன் கூச்சப்படாமல் விசாரியுங்கள். தங்குமிடத்தில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, குளியலறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரியில் யாரைக் கூப்பிடலாம். நல்ல கோச் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அனுப்ப வேண்டாம், வேறு வழி பார்ப்போம். மகளிடமும் சொல்லி வையுங்கள்: எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், சொன்னால் ஆட்டத்தை நிறுத்த மாட்டேன் என்று. நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை.

சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டுப் பூட்டி வையுங்கள். தேசியப் பள்ளி விளையாட்டு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி, மாநில அணிக்காகத் தேசியப் போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் வேலை ஒதுக்கீட்டில் தனித்தனி மதிப்பு உண்டு. படிப்பையும் விட வேண்டாம். அனிதா ஆடிக்கொண்டே பி.காம். முடித்து, எம்.பி.ஏ.வும் படித்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எல்லாக் கார்டுகளும் இந்திய அணிக்குப் போவதில்லை. மிகச் சிலரே போவார்கள். உங்கள் மகள் மாநில அணியோடு நிற்கலாம், கல்லூரி அணியோடும் நிற்கலாம். அப்போதும் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், ஒரு வேலைக்கான வாய்ப்பு, உடற்கல்வி ஆசிரியை ஆகும் வழி இவற்றில் ஏதோ ஒன்று அவள் கையில் இருக்கும். ஒன்பது பேரை ஒரே பார்வையில் பார்க்கப் பழகிய கண்ணும் அவளோடு இருக்கும்.

பெரியவர்களிடம் சண்டை வேண்டாம். ஒருநாள் அவர்களை மேட்ச்சுக்குக் கூட்டிப் போங்கள். அவள் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது, மற்ற நாலு பேரும் அவள் முகத்தைப் பார்ப்பதை மாமியாருக்குக் காட்டுங்கள். ஒரு பொறுப்பை நம்பி ஒப்படைக்கப்பட்ட பிள்ளை எப்படி நிற்கும் என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும்.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளை இப்போது கேம்ப்புக்கு அனுப்புவது பெரிய முடிவு என்று நினைக்கிறீர்கள். அதைவிடப் பெரிய முடிவு இன்னும் ஆறு வருஷம் கழித்து வரும். வரன் வரும், "இத்தனை நாள் ஆடினது போதும்" என்று சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அன்பாகச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருவராவது "போ" என்று சொல்ல வேண்டும். எனக்கு அன்று அப்படி ஒருவர் இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

அவளுக்கு இருபத்திரண்டு முடிந்ததும் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். பதக்கக் கணக்கு வேண்டாம். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் அக்கா